ஒருவழிப் போதிகை: மாதிரி ஹெலிகொப்டரின் குடத்தைப் புதுக்கி அமைக்கும் முறை

பொறியின் உறுப்புக்களுட் சில சுழல்வதற்கென்றே அமைந்தவை. சில சுழலாது பற்றி நிற்பதற்கென்றே அமைந்தவை. ஒரே உறுப்பு ஒரு திசையிற் சுழன்றும் மறு திசையிற் பற்றியும் நிற்குமாயின் அதனை ஒருவழிப் போதிகை என்பர். எம் கல்லூரியின் பழைய மாணவருட் சிலர் இன்று நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் ஆசிரியராகவும் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தராகவும் கடமையாற்றுகின்றோம். ஓய்வு நாட்களில் மாணவரைக் கூட்டி மாதிரி விமானங்களையும் ஹெலிகொப்டர்களையும் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் எமது பொழுதுபோக்கு. அத்தொழிலிற் பயின்ற ஒரு சிறு பாடத்தை இம்மலரின் வாசகர் முன் வைக்கின்றோம். பொருள் சுண்டுவிரல் நுனியளவினது. எனினும் அது தவறிய நாளில் வானத்தில் நிற்கும் மாதிரி நிலத்தில் வந்து நொறுங்கும். கீழே நிற்போர்க்கும் ஆபத்து நேரும்.

யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் துவிச்சக்கர வண்டி ஓட்டிய எவர்க்கும் இத்தத்துவம் புதிதன்று. மிதிக்கும்போது பின்சில்லு உடன் சுழல்கின்றது. மிதித்தலை நிறுத்தினால் கால் ஓய்ந்திருக்க, சில்லு மாத்திரம் 'டிக் டிக்' என்ற ஒலியுடன் ஓடுகின்றது. அந்த ஒலி பிறீவீலினுள்ளே சிறு நாக்குகள் பற்களின் மேல் வழுக்கிச் செல்லும் ஒலியாகும். அமெரிக்கராகிய வில்லியம் வன் அண்டன் 1869ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்பொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மலைநாட்டிலோ துவிச்சக்கர வண்டி அருமையாகவே காணப்படும். கொட்டகலையிலிருந்து நுவரெலியாவுக்கு மிதித்தேறத் துணிபவர் யார்? ஆதலின் இங்குள்ள மாணவர்க்கு நாம் காட்டும் உதாரணம் தோட்டத்து லொறி. லொறியின் எஞ்சினை எழுப்பும் ஸ்டாட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றலாம். எஞ்சின் எழுந்து விரைந்தபின் அது திரும்ப அம்மோட்டாரைச் சுழற்றலாகாது. சுழற்றுமாயின் சிறிய மோட்டார் அளவிறந்த வேகமெய்திச் சிதறிவிடும். அதனைத் தடுக்க ஸ்டாட்டரின் சிறு பற்சக்கரத்தினுள்ளே உருளைகளாலான ஒருவழிக் கிளச் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. நாம் ஆராயவிருக்கும் போதிகை அதன் நெருங்கிய உறவு.

நாக்கும் பல்லும் கொண்ட அமைப்பில், அடுத்த பல் வந்து பற்றுமளவும் சிறிது வெறுமையாகச் சுழலவேண்டும். பற்றும்போது அடியும் விழும். உருளை அமைப்பில் அவ்விரண்டும் பெரிதும் இல்லை. ஓசையின்றி, நின்ற இடத்திலேயே பற்றுகின்றது. மாதிரி ஹெலிகொப்டர்களுக்கு இது பொருத்தமானதன் காரணம் அதுவே.

ஹெலிகொப்டருக்கு இவ்வுறுப்பு வேண்டப்படுவதேன்? எஞ்சினோ மோட்டாரோ ஆகாயத்தில் நின்றுவிட்டால், மேலே சுழலும் இறகுகள் உடனே நின்றுவிடவேண்டுமென்பதில்லை. விமானி இறகுகளின் சாய்கோணத்தை விரைந்து குறைப்பாராயின், இறங்கும் பொறியின் கீழிருந்து மேனோக்கி வரும் காற்றே இறகுகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். இதனைத் தன்சுழற்சி என்பர். நிலத்தை அணுகுகையில் சாய்கோணத்தை மீண்டும் கூட்டினால், சுழற்சியிற் சேமித்த சத்தி ஏந்துவிசையாக மாறிப் பொறியை மெல்ல இறக்கும். ஸ்பானிய தேசத்து ஹுவான் டி லா சியெர்வா 1923இல் பறக்கவிட்ட ஓட்டோஜைரோ என்னும் வானூர்தி, எஞ்சினாற் சுழற்றப்படாத இறகுகளைக் காற்றாலேயே சுழலவிட்டுப் பறந்தது. இகோர் சிக்கோர்ஸ்கியின் ஹெலிகொப்டர் 1939இல் நிலத்தைவிட்டு எழுந்தது. வானொலியால் இயக்கும் மாதிரி ஹெலிகொப்டர் நன்கு பறக்கத் தொடங்கியது 1970ஆம் ஆண்டையொட்டியே. ஜெர்மனியரான டீட்டர் ஷ்லூற்றர் அத்துறையின் முன்னோடி.

தன்சுழற்சி நிகழவேண்டுமாயின் இறகுகள் மோட்டாரிலிருந்து விடுபடல் வேண்டும். சிறு மாதிரியொன்றில் மோட்டார் 11 முறை சுழல இறகு ஒரு முறை சுழல்கின்றதெனக் கொள்வோம். மோட்டார் நின்றபின் இறகுகள் அதனை இழுத்துச் சுழற்ற நேர்ந்தால், மோட்டாரின் சடத்துவம் அவற்றுக்கு 11 மடங்காகத் தோன்றாது. 11இன் வர்க்கமாகிய 121 மடங்காகத் தோன்றும். அதனோடு மோட்டாரின் காந்தத் தடையும் பற்சக்கரங்களின் உராய்வும் சேரும். இவ்வளவு சுமையையும் இழுத்துக்கொண்டு, இறங்கும் காற்றின் உதவியால் மாத்திரம் சுழற்சியைக் காத்தல் அரிது. பெரும் பற்சக்கரத்துக்கும் இறகுகளைத் தாங்கும் நடுத்தண்டுக்கும் இடையே ஒருவழிப் போதிகையை வைத்தால், மோட்டார் தண்டைச் சுழற்றும்; தண்டு மோட்டாரைச் சுழற்றாது.

அப்போதிகை இருக்கும் இடத்தைக் குடம் என்கின்றோம். மாட்டுவண்டிச் சில்லின் நடுவே ஆரக்கால்கள் வந்து பொருந்தும் கட்டைக்கு எம்மவர் வழங்கிய பெயர் அது. நாம் இங்கு குறிப்பது பெரும் பற்சக்கரத்தின் குடத்தை. சில மாதிரிகளில் வால் இறகை இயக்கும் பற்சக்கரம் தண்டோடு நேரே ஆணியிட்டு இறுக்கப்பட்டிருக்கும். மோட்டார் நின்றபின்னும் வால் சுழன்று, மூக்கைத் திருப்பும் வல்லமை விமானிக்கு எஞ்சியிருப்பதற்காக. அதனை மேலுள்ள பெரும் பற்சக்கரத்தோடு மயங்கலாகாது.

இனிப் போதிகையின் உள்ளமைப்பைக் காண்போம். அதன் புறவளையம் மெல்லிய உருக்குத் தகட்டிலிருந்து இழுத்து உருவாக்கிய ஓர் ஓடு. அவ்வோட்டின் உட்புறத்திற் சரிவுப் பள்ளங்கள் சில உண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் ஊசி போன்ற மெல்லிய உருளையொன்றும், அதனைச் சரிவின் ஒடுங்கிய பக்கத்துக்கு மெல்லத் தள்ளும் ஒரு சிறு வில்லும் உள்ளன. உள்வளையம் என ஒன்று இல்லை. தண்டே உள்வளையம். இதனை வாசகர் நன்கு நினைவிற் கொள்க. பின்னர் நாம் கூறப்போகும் பழுதுகளெல்லாம் இதனை மறந்தமையால் விளைந்தனவே.

மலைப்பாதையின் ஏற்றத்தில் லொறியை நிறுத்தும் கிளீனர் பின்சில்லின் கீழ் ஒரு கட்டை கொடுப்பதை எல்லோரும் கண்டிருப்பர். சில்லு பின்னே உருள முயலுந்தோறும் கட்டைக்கும் நிலத்துக்கும் இடையே மேலும் இறுகும். முன்னே செல்லத் தடையில்லை. போதிகையின் உருளை அச்சில்லு போன்றது, சரிவுப் பள்ளம் கட்டை, தண்டு நிலம். ஓடு ஒரு திசையில் திரும்பினால் உருளைகள் ஒடுக்கத்திற் சிக்கி ஓட்டையும் தண்டையும் ஒன்றாகப் பிணைக்கும். மறு திசையில் அகன்ற பக்கத்துக்கு வந்து விடுபடும்.

கட்டை சறுக்குவதும் உண்டன்றோ? கட்டையின் சரிவு மிகுந்தாலோ, நிலம் வழுக்கினாலோ சில்லு கட்டையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். போதிகையிலும் அவ்வாறே. சரிவுப் பரப்பும் தண்டின் பரப்பும் தமக்குள் அமைக்கும் கோணத்திற் பாதியை எடுத்துக்கொள்வோம். அப்பாதிக் கோணத்தின் தான்சன், உராய்வுக் குணகத்தைவிடக் குறைவாயிருத்தல் வேண்டும். எண்ணெய் படிந்த உருக்கின் உராய்வுக் குணகம் 0.1 எனக் கொண்டால் கோணத்தின் எல்லை 5.7 பாகை. அமைப்பாளர் சற்றுக் கையிருப்பு வைத்து 4 பாகையளவிற் சரிவை அமைத்தாரெனக் கொள்வோம். அப்பொழுது 0.07 உராய்வு இருந்தாற் போதும். உராய்வைக் குறைக்கவென்றே செய்த மொலிப்டினம் இருசல்பைட்டு கலந்த கிறீஸை ஒருவர் 'நன்மை செய்வோம்' என்று அங்கே அப்பினால், குணகம் 0.05 அளவுக்கு இறங்கி எல்லை 2.9 பாகையாகிவிடும். 4 பாகைச் சரிவு அங்கே பற்றாது வழுக்கும். மற்றெல்லாப் போதிகைக்கும் நல்ல கிறீஸ் இதற்கு நஞ்சு.

இன்னுமொரு கணக்கு. 6 மில்லிமீற்றர் தண்டில் 1 நியூற்றன் மீற்றர் முறுக்கம் செல்லும்போது, 3 மில்லிமீற்றர் ஆரையில் ஏறத்தாழ 333 நியூற்றன் தொடுவிசை உண்டு. 4 பாகைச் சரிவில் அவ்விசையைப் பிறப்பிக்க உருளைகள் எல்லாம் சேர்ந்து ஓட்டை வெளிநோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 4,770 நியூற்றன். அது அரைத் தொன் எடைக்குச் சிறிதே குறைந்தது. சுண்டுவிரல் நுனியளவான மெல்லிய ஓடு அதனைத் தனியே தாங்குமா? தாங்காது. ஓட்டைச் சுற்றி நின்று தாங்குவது குடமே. குடம் நெகிழ்ந்தால் ஓடு விரியும். ஓடு விரிந்தால் உருளைகள் ஒடுக்கத்தைக் கடந்து போய்விடும். ஆகவே கடையில் வாங்கிய போதிகை முழுமையான ஒரு பொருளன்று. உள்ளே தண்டும் வெளியே குடமும் சேர்ந்த பின்னரே அது போதிகையாகின்றது.

இதனை மெய்ப்பித்த குடமொன்று எம்மிடம் வந்தது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவன் அதனைக் கொண்டுவந்தான். கொழும்பிற் கடையொன்றில் வேலைசெய்யும் அவன் தமையன், பழையதாக வாங்கியனுப்பிய மின்மோட்டார் மாதிரி அது. சவுக்கு மரத்து உயரத்தில் நிற்கையில் மோட்டாரின் ஒலி திடீரென உயர்ந்தது, இறகுகளோ தளர்ந்தன, மாதிரி தேயிலைச் செடிகளின்மேல் வந்து வீழ்ந்தது. இதே போன்று முன்னரும் ஒருமுறை நேர்ந்து, ஒரு பட்டறையிற் புதுப் போதிகை போட்டுக் கொடுத்தனராம். மாணவன் மூன்றாவது போதிகை வாங்கக் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தான். அவனுக்கு அது இரண்டு மாதச் சேமிப்பு.

போதிகையைக் குறைகூறுமுன் தண்டைப் பார்ப்போம் என்றோம். ஒரு சிறு அரத்தின் முனையால் தண்டின் ஓரத்தை உரசியபோது அரம் கடித்தது. உருக்குத் தூள் உதிர்ந்தது. கடினமாக்கிய தண்டாயின் அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கிச் சென்றிருக்கும். இத்தகைய போதிகையை ஆக்குவோர் தண்டின் மேற்பரப்புக்கு விக்கர்ஸ் அளவில் 670க்குக் குறையாத கடினத்தை விதிக்கின்றனர். முன் விபத்தில் வளைந்த தண்டுக்குப் பதிலாக யாரோ சாதாரண உருக்குக் கோலொன்றை வெட்டிப் போட்டிருந்தனர். உருளைகள் நின்ற இடங்களில் நீளவாட்டான மங்கிய தடங்கள் விரல்நகத்துக்கே தட்டுப்பட்டன. அத்தடங்களில் உருளை அமிழ்ந்து, ஒடுக்கம் அகன்று, பிடி தளர்ந்தது. எத்தனை போதிகை மாற்றினும் அத்தண்டு அத்தனையையும் ஏமாற்றியிருக்கும். அன்றியும், போதிகையை அறுத்துப் பார்த்தபோது இறுக்கும் பசை உட்புகுந்து இரண்டு உருளைகளைப் பள்ளத்தோடு ஒட்டிவைத்திருந்தது. எஞ்சிய உருளைகள் முழுச் சுமையையும் ஏற்றன.

குடத்தைப் புதுக்கத் தொடங்கினோம். அக்குடம் அலுமினியத்தாலானது. முதலிற் பழைய ஓட்டை வெளியேற்றல் வேண்டும். குடத்தைத் தட்டையான தாங்கியின் மேல் வைத்து, ஓட்டின் விளிம்பிற் பொருந்தும் கோலொன்றால் நேராக அமுக்கி எடுத்தோம். ஒருமுறை அமுக்கி எடுத்த ஓட்டை மீண்டும் போடலாகாது. அது நீள்வட்டமாகியிருக்கும்; கண்ணுக்குத் தெரியாது. பின்பு துளையைத் துடைத்து, பழைய பசையின் எச்சங்களை மரக்குச்சியாற் சுரண்டினோம். உருக்குக் கத்தியை இங்கே எடுக்கவேண்டா; அலுமினியம் கீறிவிடும்.

புதுப் போதிகையின் அளவு: தண்டு 6, வெளிவிட்டம் 10, நீளம் 12 மில்லிமீற்றர். இவ்வளவினதான போதிகைக்கு ஆக்குவோர் தரும் முறுக்க எல்லை 1.76 நியூற்றன் மீற்றர். அதற்கு மேற்பட்ட மாதிரிகளுக்கு 10, 14, 12 என்ற அளவினது உண்டு. அதன் எல்லை 5.3. எமது மாதிரியின் மோட்டார் 300 உவாற்று வலுவைத் தருகையில், தண்டு நிமிடத்துக்கு 2,800 முறை சுழன்றால், முறுக்கம் 1.02 நியூற்றன் மீற்றர். போதிய கையிருப்பு உள்ளதுபோல் தோன்றும். சாய்கோணத்தைச் சடுதியாகக் கூட்டும் கணத்தில் வலு 500 உவாற்றை எட்டினால் முறுக்கம் 1.7 ஆகின்றது. எல்லை 1.76. நூல் அளவு இடைவெளி. ஆதலின் இருக்கவேண்டிய பிடியில் ஒரு சிறு பங்கைக்கூட நாம் வீணாக்குதற்கில்லை.

துளையின் அளவைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். உருக்குக் குடமாயின் துளை 10 மில்லிமீற்றரிலும் 7 முதல் 16 மைக்கிரோமீற்றர் வரை சிறியதாயிருக்கவேண்டும். அலுமினியக் குடமாயின் 16 முதல் 25 வரை. அலுமினியம் மென்மையானது, மிகுதியாக நெகிழ்வது. ஆதலின் மிகுதியாக இறுக்கவேண்டும். மனிதர் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர் என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வளவின் நுண்மை விளங்கும். தோட்டத் தொழிற்சாலைகளிற் கடைசல் வேலையில் கைதேர்ந்தவர் பலர் உளர்; உள்ளளவு காட்டும் நுண்கருவியும் அங்கே கிடைத்தல் கூடும். அவர்களிடம் துளையை அளப்பித்தல் நன்று. கையாற் போட்டாலே போதிகை உட்செல்லும் துளை தேய்ந்த துளை. அதற்குப் பசை மருந்தன்று. புதுக் குடமே மருந்து.

இவ்வளவு இறுக்கமான துளையினுள் போதிகையைச் சேதமின்றிச் செலுத்துவதெப்படி? சம்மட்டி வேண்டா. வெப்பத்தை உதவிக்கழைப்போம். அலுமினியத்தின் நீளவிரிவுக் குணகம் பாகை ஒன்றுக்குப் பத்து இலட்சத்தில் 23 பங்கு. 10 மில்லிமீற்றர்த் துளை 80 பாகை வெப்பமேறினால் 18 மைக்கிரோமீற்றர் விரியும். இறுக்கத்தின் பெரும்பகுதி அதனால் நீங்கிவிடும். இங்கே ஒரு சிறு குறிப்பு: கொதிநீரில் வைத்தால் 100 பாகை கிடைக்குமென்று கடற்கரை நாட்டவர் எண்ணுவர். நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாத் தேநீரைப் புகழ்வோர் அந்நகரத்திலேயே அதனை ஊற்றிப் பருகும்போது இதனை எண்ணுவதில்லை. ஆயினும் அறையின் குளிர் 16 பாகையாதலின், 78 பாகை வித்தியாசம் கிடைக்கின்றது. எமக்கு அது போதும். நீர் துளையைத் தொடலாகாது. மூடிய தகரப் பேணியில் குடத்தை இட்டு, பேணியைக் கொதிநீரில் அமிழ்த்தி அரைமணி நேரம் வைத்தோம். போதிகையைச் சூடாக்கலாகாது, சில போதிகைகளின் வில்லும் கூடும் பிளாஸ்டிக்காலானவை. பிளாஸ்டிக் குடமாயின் அதனையும் சூடாக்காது மெல்ல அமுக்கல் வேண்டும்.

செலுத்துமுன் திசையை அறிக. ஓட்டின் முகத்தில் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். அம்புக்குறியைப் பலர் பலவாறு பொருள்கொள்வர். ஆதலின் அதனை மாத்திரம் நம்பாது, புதுத் தண்டைப் போதிகையினுள் இட்டுக் கையால் திருப்பிப் பார்த்தலே சிறந்தது. பெரும்பாலான மாதிரிகளின் இறகுகள் மேலிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுழல்வன. போதிகையின் ஓட்டை ஒரு கையிற் பிடித்து, மேலிருந்து நோக்கித் தண்டை வலஞ்சுழியாகத் திருப்பினால் அது தடையின்றிச் சுழலவேண்டும்; இடஞ்சுழியாகத் திருப்பினால் உடனே பூட்டவேண்டும். அவ்வாறு நிற்கும்போது மேலே இருக்கும் முகத்தில் நிறப்புள்ளியொன்று இடுக. அப்புள்ளி மேனோக்கியபடியே போதிகை குடத்தினுட் செல்லவேண்டும். தலைகீழாகச் செலுத்திவிட்டால் மோட்டார் மாத்திரம் சுழல, இறகுகள் அசையாது நிற்கும். அதனை மேசையிலேயே கண்டுகொள்ளலாமாதலின் உயிர்ச்சேதம் இல்லை, போதிகைக்கே சேதம்.

அமுக்கும் கோல் படியுடையதாயிருத்தல் நன்று. அதன் நுனி 6 மில்லிமீற்றருக்குச் சிறிது குறைந்து போதிகையினுட் புகுந்து உருளைகளை நிலைநிறுத்தும். படியின் தோள் ஓட்டின் முகம் முழுவதையும் ஒருசேர அமுக்கும். துளையிடும் இயந்திரத்தைச் சுழற்றாது, அதன் கைப்பிடியின் அமுக்கத்தை மாத்திரம் பயன்படுத்தினோம். போதிகை சாய்ந்து புகுந்தால் ஓடு கோணும். சாய்வு தெரிந்த கணமே நிறுத்தி வெளியே எடுக்கவேண்டும். எமது குடத்தில் அது ஒரே அமுக்கில் ஒலியின்றி அமர்ந்தது.

பசையைப் பற்றி மாணவர் எப்போதும் வினவுவர். உரிய இறுக்கமுள்ள உலோகக் குடத்துக்குப் பசை வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குடத்துக்கோ, ஆக்குவோரே பசை இடுமாறு விதித்த குடத்துக்கோ இடவேண்டுமாயின், துளையிற் பூசற்க. துளையிற் பூசிய பசையைப் போதிகை முன்னே தள்ளிச் சென்று மறுமுனையில் உருளைகளுட் புகுத்திவிடும். போதிகையின் புறத்தே மெல்லிய படலமாகப் பூசினால் மிகுந்தது பின்தங்கி வெளியே வழியும், துடைத்துவிடலாம். தலவாக்கலை மாணவனின் பழைய போதிகையில் பசை எப்புறத்திலிருந்து புகுந்ததென்பதை ஓட்டின் உள்முனையே காட்டிற்று.

போதிகை அமர்ந்தபின் எண்ணெய். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் இரண்டு துளி போதும். தடித்த கிறீஸில் உருளைகள் மந்தமாகும். அவற்றைத் தள்ளும் வில்லோ மிக மெலியது. தை மாதத்து விடியலில் நுவரெலியாவிற் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அக்குளிரிற் கிறீஸ் கெட்டியாகி, விரைந்து பூட்டவேண்டிய உருளை தாமதித்தால், முழுச் சுமையும் ஓரிரு உருளைகளின்மேல் அடியாக விழும். தண்டைப் புகுத்தும்போது நேரே குத்தாது, விடுபடும் திசையிற் சுழற்றிக்கொண்டே புகுத்துக.

இவ்வகைப் போதிகை முறுக்கத்தைக் கடத்துமேயன்றிப் பக்கச்சுமையைத் தாங்காது. பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையைத் தாங்க, அதன் இருமருங்கிலும் குண்டுப் போதிகையோ வெண்கல வளையமோ இருத்தல் வேண்டும். இவை தேய்ந்திருந்தாற் பற்சக்கரம் தள்ளாடும். உருளைகள் ஒருபுறம் மாத்திரம் இறுகும். குடத்தைப் பிரித்த கையோடு இவற்றையும் மாற்றுதல் சிக்கனமே. எமது குடத்தில் கீழ் வளையம் ஆடிற்று, மாற்றினோம்.

இனிச் சோதனை. மாதிரியிலிருந்து இறகுகளைக் கழற்றிவிடுக. இறகோடு சோதிப்பது அறியாமை: 35 சதமமீற்றர் ஆரையுடைய இறகின் நுனி, நிமிடத்துக்கு 2,800 சுற்றில், மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றது. கழற்றியபின் தண்டின் மேல்முனையில் 25 சதமமீற்றர் நீளமான கோலொன்றைக் கிடையாகப் பொருத்தினோம். தண்டு கிடையாகுமாறு மாதிரியைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்து, பெரும் பற்சக்கரத்தை அசையாது நிறுத்தி, கோலின் நுனியில் 400 கிராம் தேயிலைப் பொதியொன்றைத் தூக்கினோம். அது ஏறத்தாழ 1 நியூற்றன் மீற்றர் முறுக்கம். பூட்டும் திசையிற் கோல் இம்மியும் இறங்கலாகாது. தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி 12 நிலைகளில் இவ்வாறு சோதித்தோம். ஒரு நிலையில் நன்கு பற்றி மறு நிலையில் வழுக்கும் போதிகைகளும் உள. பின்பு ஒரு பொதிக்கு மேல் இன்னொரு அரைப்பொதி. அப்போதும் வழுக்கவில்லை. இரண்டாவது முழுப் பொதியைத் தூக்கவேண்டுமென்று மாணவர் வற்புறுத்தினர். அது எல்லையைக் கடப்பதாதலின் மறுத்தோம். உறுப்பைச் சோதிப்பது வேறு, முறிப்பது வேறு.

மலைநாட்டுக் காற்று இக்கணக்கில் எங்கே வருகின்றதென்று வாசகர் வினவலாம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர். ஹற்றன் ஏறத்தாழ 1,270. யாழ்ப்பாணத்துக் கடற்கரையின் வெப்பக் காற்றோடு ஒப்பிடினும், நுவரெலியாவின் குளிர்ந்த காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே ஏந்துவிசையை அதே சாய்கோணத்தோடு பெற, இறகுகள் பத்தில் ஒரு பங்களவு விரைந்து சுழலவேண்டும். 2,800 என்பது 3,070 அளவாகும். அவ்வாறு விரைவித்தால் மையநீக்க விசை ஐந்தில் ஒரு பங்கு மிகுந்து, இறகின் பிடிகளைப் பதம் பார்க்கும். விரைவிக்காது சாய்கோணத்தைக் கூட்டினால் முறுக்கம் மிகுந்து, 1.76 என்ற எல்லையை நெருங்கும். நாம் முதல் வழியை விரும்புகின்றோம். பிடிகளைப் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். ஆகாயத்தில் வழுக்கிய போதிகைக்கு அங்கே பரிகாரம் இல்லை. தன்சுழற்சியில் இறங்கும் வேகமும் இம்மெல்லிய காற்றில் மிகும். யாழ்ப்பாணத்து மைதானத்தில் மெல்ல இறக்கப் பழகிய கை, நுவரெலியாவிற் சாய்கோணத்தைச் சற்று முன்னரே கூட்டப் பழகவேண்டும்.

எமது மாணவன் முதல் நாள் இடுப்பளவு உயரத்துக்கு மேல் ஏற்றவில்லை. ஐந்து நிமிடம் நிறுத்திப் பறக்கவிட்டு, இறக்கி, குடத்தைத் தொட்டுப் பார்த்தான். வழுக்கும் போதிகை சூடேறும், இது குளிர்ந்தேயிருந்தது. மூன்றாம் நாள் மோட்டாரை நிறுத்தித் தன்சுழற்சியில் இறக்குவதைத் தாழ்ந்த உயரத்திற் பயிலத் தொடங்கினான். திறந்த மைதானமாயினும் ஆட்கள் நிற்கும் பக்கத்தை நோக்கிப் பறக்கவிடற்க என்பது எமது கட்டளை. இலங்கையில் ஆளில்லா வானூர்திகளைப் பற்றிச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை விதித்த விதிகளையும், தோட்ட நிருவாகத்தின் அனுமதியையும் முன்னரே நோக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி ஒன்று. மலைநாட்டு மூடுபனி, பெட்டியினுள் வைத்த உருக்கையும் துருப்பிடிக்கச் செய்யும். ஊசியுருளையின் மேல் ஏறும் துருப்புள்ளி தண்டில் ஒரு குழியாக முடியும். பருவமழை மாதங்களில் மாதிரியை அடுப்படிக்கு அண்மையான உலர்ந்த அலுமாரியில் வைக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையில் வைப்பதாயின் நுண்ணிய தேயிலைத் தூசியும் இழையும் எண்ணெயிற் படியாதவாறு துணியுறையில் இடுக. மாதம் ஒருமுறை தண்டை உருவி, வெள்ளைத் துணியாற் துடைத்து, துணியைப் பார்க்கவேண்டும். துணி பழுப்பாயின் அது துரு. சாம்பல் நிறமாய் மின்னினால் அது தேய்ந்த உருக்கு. பழுப்புக்குப் புது எண்ணெய் போதும். மின்னுமாயின் அரத்தை எடுத்து முதலில் தண்டைச் சோதித்து, அதன்பின் போதிகையின் விலையை விசாரிக்கலாம்.